அனைவரும் வறுக

திரைக்கு முன்னால் கூட்டம் கூடியிருப்பதைப் பார்த்ததும் விளையாட்டு ஆசிரியருக்கு நெஞ்சு விம்மியது.

பள்ளியின் நடைக்கூடத்தில், வாசல் கதவைப் பார்த்தபடி அந்த டிஜிட்டல் போர்டை மாட்டி நான்கு நாள் ஆகியிருந்தது. முதல் மூன்று நாளும் யாரும் அதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பெண் பிள்ளைகள் இரண்டு பேர் மட்டும் அதன் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்கள். இன்றைக்கு, அவரே கைப்பட எழுதிய முதல் அறிவிப்பு ஓடிய அரை மணி நேரத்தில், ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் முண்டியடித்துக்கொண்டு நின்றன.

அவர் கையைக் கட்டிக்கொண்டு தூரத்திலிருந்தே ரசித்தார். அப்புறம்தான் சிரிப்புச் சத்தம் காதில் விழுந்தது.

"சார், நாலு காலுக்குமா சார்?" என்றான் ஒரு பையன்.

அவருக்கு விளங்கவில்லை. திரையில், ஆள் உயரத்துக்கு, மஞ்சள் எழுத்தில் இப்படி இருந்தது: 'பல்லி மாணவர்கள் அனைவரும் காலணி அணிந்து வரவும்.'

அவர் இரண்டு முறை வாசித்தார். எங்கே தப்பு என்று அப்போதும் தெரியவில்லை. தமிழாசிரியை வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. பள்ளி முழுவதும் அவரைத் தமிழம்மா என்றே கூப்பிடும். சிவப்புப் பேனா இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. கண்ணாடித் திரையில் பேனா எழுதாது என்று தெரிந்தும் அதைத் திறந்து கையில் வைத்திருந்தார்.

"இருபத்தேழு வருஷமா இந்தப் பள்ளிக்கூடத்துல 'ள' சொல்லித் தர்றேன் சார்," என்றார். "நீங்க ஒரே நாள்ல எல்லாரையும் சுவத்துல ஏத்திட்டீங்க."

விளையாட்டு ஆசிரியருக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த மூன்று எழுத்தும் ஒன்றுதான். ல, ள, ழ என்று மூன்று பேர் வந்து நின்றால், ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஒருவருக்குப் பதிலாக இன்னொருவரைக் கூப்பிட்டுவிடுவார். அவர் விளையாட்டு ஆசிரியர் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தார். விசிலுக்கு ல, ள, ழ கிடையாது.

அப்படிப்பட்டவர் இந்தத் திரைப் பொறுப்பை ஏன் கேட்டு வாங்கினார் என்றால், மைதானத்துக்காக.

பள்ளி நிர்வாகக் குழு மைதானத்தின் முக்கால் பங்கை வாகனம் நிறுத்தும் இடமாக மாற்ற நினைத்தது. அதற்கு முன் பெற்றோர் கூட்டம் ஒன்று போட வேண்டும். நாற்பது பேராவது நேரில் வந்து கருத்துச் சொல்லாவிட்டால், யாருக்கும் ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். போன பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர்கள் பதினொரு பேர். அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். காகிதத்தில் அச்சடித்து ஒட்டும் அறிவிப்புகளை யாரும் படிப்பதில்லை என்று தலைமையாசிரியை அலுத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் திரை வந்தது. அதை மாட்ட வந்த கம்பெனிக்காரர், வாக்கியம் சின்னதாக இருக்க வேண்டும், எழுத்து பெரியதாக இருக்க வேண்டும், தினமும் மாற்ற வேண்டும், நடந்து போகிறவனை மூன்று விநாடிக்குள் நிறுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நிறுத்தும் வழியை மட்டும் சொல்லவில்லை.

பல்லியைப் பள்ளியாக்கிவிட்டு, அன்று சாயங்காலமே அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இனி எந்த அறிவிப்பானாலும் மனைவியைக் கேட்டுத்தான் எழுதுவது.

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, கடையில் ஆட்கள் வரிசையில் நிற்கும்போது, போன் வந்தது. விளையாட்டு விழாவுக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி ஓர் அறிவிப்பு.

"வெள்ளம்ல வர்ற ள போடுங்க," என்றாள் அவள்.

"வெல்லம்னா இனிப்புதானே?"

"அது வெல்லம். நான் சொல்றது தண்ணி வெள்ளம்ங்க."

இவர் திரும்பக் கேட்க, அவள் திரும்பச் சொல்ல, இருமல் மருந்துக்கு நின்றிருந்த பெரியவர் ஒருவர் பொறுமை இழந்து போனை வாங்கி, "தம்பி, பள்ளத்துக்கு வர்ற ள-வைப் போட்டுட்டு எங்களை விடுங்க," என்றார்.

அவரும் பள்ளத்துக்கு வருகிற ள-வைத் தேடிப் போட்டார். தட்டச்சு செய்ததைச் சத்தமாக வாசித்துப் பார்த்தார். சரியாகத்தான் தெரிந்தது. ஆனால் அவர் கண்ணுக்குப் பல்லிகூடச் சரியாகத்தான் தெரிந்தது.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கை கழுவும் வரிசையைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அதை முடித்துக்கொண்டு வந்தால், திரைக்கு முன் நேற்றைவிடப் பெரிய கூட்டம். 'விலையாட்டு விழாவுக்குப் பெயர் கொடுக்கவும்.'

"ஆடு என்ன விலை சார்?" என்று ஒரு குரல் கேட்டது. தமிழம்மா அதற்குள் சிவப்புப் பேனாவோடு தலைமையாசிரியை அறைக்குள் போய்விட்டிருந்தார்.

வீட்டில் அன்று சாப்பாட்டுத் தட்டுகளுக்கு நடுவே வழக்கு நடந்தது. தான் ள என்றுதான் சொன்னதாக அவளும், தான் ள என்றுதான் போட்டதாக அவரும் சாதித்தார்கள். கடைசியில் அவள், "நாளையிலேர்ந்து நானே டைப் பண்ணி உங்க போனுக்கு அனுப்பிடறேன். நீங்க பார்த்து அப்படியே எழுதினா போதும்," என்றாள். இதைவிட உறுதியான வழி இருக்க முடியாது என்று இருவருக்கும் பட்டது.

அதில் வந்ததுதான் அடுத்தது. 'நூலகப் புத்தகங்களைத் திருப்பித் தருமாறு அன்புடன் கேட்டுக்கொல்கிறோம்.'

போனை எடுத்துப் பார்த்தார். அவள் அனுப்பியதில் யாரையும் கொல்லவில்லை. அப்படியானால் தப்பு தன்மேல் இல்லை, இயந்திரத்தின்மேல்தான் என்று அவருக்குத் தோன்றியது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த எண்ணம் வந்ததால், அதைச் சாட்சியோடு நிரூபிக்க நினைத்து, எழுத்தைத் திருத்தாமலேயே கம்பெனிக்குப் போன் போட்டார். எதிர்முனையில் பேசிய பெண், இயந்திரம் தானாகவே எழுத்தைத் திருத்திக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு, மூன்றாவது பொத்தானை அமுக்கினால் அது நின்றுவிடும் என்றாள். இவர் இடமிருந்து எண்ணினார். அவள் வலமிருந்து சொல்லியிருக்கிறாள்.

திரை பேச ஆரம்பித்தது.

ஏற்ற இறக்கமில்லாத ஓர் ஆண் குரல், நடைக்கூடம் முழுவதும் கேட்கும்படி, அன்புடன் கேட்டுக் கொல்கிறோம், அன்புடன் கேட்டுக் கொல்கிறோம் என்று சொல்லத் தொடங்கியது. எட்டாம் வகுப்பில் கணக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. ஒன்றாம் வகுப்பில் ஒரு குழந்தை அழுதது. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் குரல் கூடியதே தவிர குறையவில்லை. கடைசியில் அலுவலக அக்காதான் சுவரோரம் குனிந்து மின்கம்பியைப் பிடுங்கினார். அலுவலகத்தைப் பெருக்குவது, மணி அடிப்பது, ஆசிரியர்களுக்குத் தேநீர் கொடுப்பது எல்லாம் அந்த அக்காதான். எதற்கும் பதறாதவர்.

தலைமையாசிரியை இவரைக் கூப்பிட்டுக் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. "சார், பெற்றோர் கூட்டத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு," என்று மட்டும் சொன்னார்.

அன்று விளையாட்டுச் சாமான் அறையில், காற்றுப்போன பந்துகளுக்கு நடுவே உட்கார்ந்து அவர் யோசித்தார். யோசிக்க யோசிக்க ஒரு வழி பளிச்சென்று தெரிந்தது. ல, ள, ழ மூன்றும்தானே தகராறு? மூன்றும் இல்லாமலே எழுதிவிட்டால்?

எழுத உட்கார்ந்த பிறகுதான் தமிழில் அந்த மூன்றையும் விட்டுவிட்டுப் பிழைப்பு நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று புரிந்தது. நாளை என்று எழுத முடியவில்லை. காலை, மாலை இரண்டும் போயின. ஏழு கிழமைகளும் ஒரே அடியில் போயின. எல்லோரும் போனார்கள். மாணவர்களே போய்விட்டார்கள். ஒன்றரை மணி நேரம் வியர்த்து, ஓட்டப் பயிற்சிக்கு இப்படி ஓர் அறிவிப்பைத் தயாரித்தார்: 'இன்றைய தினத்துக்கு அடுத்த தினம், சூரியன் உதித்து இரண்டு மணி நேரம் கடந்தபின், ஆறாம் வகுப்பினர் அனைவரும் மைதானத்துக்கு வருக.'

ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பார்த்தார். மூன்று பேரில் ஒருவர்கூட இல்லை. நிம்மதியாகக் கை கழுவும் வரிசையைப் பார்க்கப் போனார்.

திரும்பி வந்தபோது தமிழம்மா திரையின் முன் நின்றிருந்தார்.

"வறுக-ன்னு போட்டிருக்கீங்க," என்றார் அமைதியாக. "எதை வறுக்கறது சார்? சூரியன் உதிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு?"

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆறாம் வகுப்பு மொத்தமும் மைதானத்துக்கு வந்திருந்தது. ஒரு பெண் கரண்டி எடுத்து வந்திருந்தாள்.

ஒருவரும் தவறாமல் வந்திருந்ததை அவர் கவனித்தார். ஆனால் அவமானத்தில் இருக்கிறவனுக்கு அதற்கு அர்த்தம் தெரியாது. அதேபோல் விளையாட்டு விழாவுக்குக் கடைசித் தேதிக்கு முன்பே எல்லாப் பெயர்களும் வந்து சேர்ந்தன. நூலகத்துக்கு இரண்டு வருடமாகத் திரும்பாத புத்தகங்கள் திரும்பின. வண்டிக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் திரையை மேலிருந்து கீழ் வரை விரல் வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். ழ-தான் சரி, இல்லை ள-தான் சரி என்று சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைகளை அழைத்துப்போக வரும் அம்மா அப்பாக்களும் வாசலில் நின்று, இன்றைக்கு என்ன தப்பு என்று கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்கள். எல்லாம் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகவே அவருக்குத் தோன்றியது.

ஒரு நாள் கடைத்தெருவில் மூன்றாம் வகுப்புப் பயிற்சி நோட்டு ஒன்றை வாங்கினார். கடைக்காரர் பிள்ளைக்கா என்று கேட்டதற்கு ஆமாம் என்றார். சாமான் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு தினமும் ஒரு பக்கம். குளம், குலம். வாளி, வாலி. கிளி, கிழி. நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று படம் போட்டிருந்தது. பந்துகளுக்கு நடுவே நாக்கை மடித்து மடித்துச் சொல்லிப் பார்த்தார். நாலைந்து நாளில் அந்த மூவரும் கொஞ்சம் கொஞ்சமாக வேறு வேறு முகமாகத் தெரிய ஆரம்பித்தார்கள். நாற்பத்தாறு வயதில் வாழைப்பழத்தை முதல்முறையாகச் சரியாகச் சொன்னவர், உடனே இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார்.

ஆனால் திரையில் தப்பு நிற்கவில்லை. மத்தியானம் போய்ப் பார்த்தால் ஏதாவது ஒன்று இருந்தது. நோட்டில் வருவது திரையில் வரமாட்டேன் என்கிறதே என்று அவருக்கு அழுகை முட்டியது.

பெற்றோர் கூட்டத்துக்கான அறிவிப்பு புதன்கிழமை போக வேண்டும். அதில் மட்டும் எந்தச் சந்தேகத்துக்கும் இடம் வைக்கக்கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டார். மனைவி காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். தலைமையாசிரியை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். இவர் அலுவலகக் கணினிப் பக்கத்தில் காகிதத்தை வைத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் பென்சிலால் ஒரு டிக் போட்டுத் தட்டச்சு செய்தார். 'வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, மைதானம் பற்றிப் பெற்றோர் தங்கள் கருத்துகளை அளிக்க வருக.' அளிக்க என்ற சொல்லில் விரலை வைத்து, நாக்கை மடித்து, மூன்று முறை சொன்னார். ள. சந்தேகமே இல்லை. அலுவலக அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பல நாட்களுக்குப் பிறகு விசிலைச் சுழற்றிக்கொண்டே கை கழுவும் வரிசைக்குப் போனார்.

மூன்றரை மணிக்கு வாசலில் சத்தம் கேட்டது.

பெற்றோர் தங்கள் கருத்துகளை அழிக்க வருக என்று இருந்தது.

யாரோ ஓர் அப்பா அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இவர் அலுவலகத்துக்கு ஓடித் திருத்துவதற்குள் அந்தப் படம் எல்லா வகுப்புப் பெற்றோர் குழுக்களுக்கும் போய்விட்டது. நம்மைக் கூப்பிட்டு வைத்து நம் கருத்தையே அழிக்கப் போகிறார்களாம், திமிர் பார்த்தாயா என்று ஒருவர் எழுத, மற்றவர்கள் அதில் எண்ணெய் ஊற்றினார்கள். தலைமையாசிரியையின் தொலைபேசி ஓயாமல் அடித்தது.

வீட்டில் மனைவி அந்தக் காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். டிக் போட்ட அளிக்க. கையெழுத்தும் இருந்தது. பிறகு அவர் தோளில் கை வைத்து, "கண் டாக்டரை ஒரு தடவை பார்த்துடலாமாங்க?" என்றாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவர் கூட்ட அறையில் நாற்பது நாற்காலி போட்டார். வெறும் நாற்காலிகளைப் பார்க்க மனசு கேட்காமல் பத்தை எடுத்து ஓரமாக அடுக்கினார். ஜன்னல் வழியாக மைதானம் தெரிந்தது. ஓட்டக் கோடுகளுக்குக் காலையில்தான் சுண்ணாம்பு போட்டிருந்தார். திங்கட்கிழமை அதன்மேல் வண்டி நிற்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றே முக்காலுக்கு, ஓரமாக அடுக்கிய பத்தையும் திரும்ப எடுத்துப் போட்டு, நாற்பதும் நிறைந்தன. நான்கு மணிக்கு வகுப்பறை பெஞ்சுகளைத் தூக்கி வர வேண்டியிருந்தது. நான்கேகாலுக்கு ஜன்னலுக்கு வெளியேயும் ஆட்கள் நின்றார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. முன்வரிசையில் ஓர் அம்மா போனில் அந்தப் படத்தை உயர்த்திக் காட்டியபடி எழுந்தார்.

"எங்க கருத்தை அழிக்கிற உரிமையை உங்களுக்கு யாரு கொடுத்தா?"

நிர்வாகக் குழுவினர் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைமையாசிரியை வாயைத் திறப்பதற்குள் விளையாட்டு ஆசிரியர் எழுந்துவிட்டார். தனக்காக அவர் திட்டு வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அது நான் எழுதினதுங்க," என்றார். "அளிக்கன்னுதான் எழுதினேன். எனக்குச் சின்ன வயசிலேர்ந்தே இந்த எழுத்து குழப்பம். இப்பதான் படிச்சிட்டிருக்கேன், மூணாம் வகுப்பு நோட்டு வாங்கி. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், உங்க பிள்ளைங்க ஓடற மைதானத்தை எடுத்துடப் போறாங்க. நாற்பது பேர் வந்து வேண்டாம்னு சொன்னா நிக்கும். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். வேற ஒண்ணுமில்லைங்க."

பின்வரிசையில் ஓர் அப்பா, தனக்கும் அந்த ழ-வோடு இன்னும் பேச்சுவார்த்தை இல்லை என்றார். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பரவியது. இந்த முறை அது தன்னை விட்டுவிட்டுப் போகாமல் தன்னையும் சேர்த்துக்கொண்டு போவதாக அவருக்குத் தோன்றியது.

முன்வரிசை அம்மா போனைப் பையில் போட்டார். "மைதானத்தையா எடுக்கப் போறீங்க?" என்று நிர்வாகக் குழுவின் பக்கம் திரும்பினார்.

அதன் பிறகு ஒரு மணி நேரம் விளையாட்டு ஆசிரியர் பேச வேண்டிய அவசியமே வரவில்லை. இருநூற்றுப் பதினாறு கையெழுத்து விழுந்தது. வாகனத்தை வேறெங்காவது நிறுத்திக்கொள்வதாக நிர்வாகக் குழு எழுதிக் கொடுத்தது. அத்தனையும் முடியும்வரை தமிழம்மா கடைசி வரிசையில் தலையைக் குனிந்து நோட்டில் ஏதோ திருத்திக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு தலைமையாசிரியை அறையில் நான்கு பேர் இருந்தார்கள். அலுவலக அக்கா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் இந்த அறை நிறைந்து தான் பார்த்ததில்லை என்று தலைமையாசிரியை திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு தப்பான எழுத்து இவ்வளவு பேரைக் கூட்டி வருமென்று யார் கண்டது என்று வியந்தார்.

விளையாட்டு ஆசிரியர் கோப்பையைக் கீழே வைத்தார். "மேடம், இந்தத் தடவை அதிர்ஷ்டம் காப்பாத்திடுச்சு. தினமும் காப்பாத்தாது. திரையை வேற யாருகிட்டயாவது கொடுத்துடுங்க. தமிழம்மாவே பார்த்துக்கிட்டா ஒரு தப்பும் வராது."

தமிழம்மாவுக்குப் புரையேறியது. இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதெல்லாம் வேண்டாம், சார்தான் எழுத வேண்டும், சார் எழுதினால்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று அவசர அவசரமாகச் சொன்னார். இந்த இரண்டு வாரத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. விளையாட்டு ஆசிரியர் எழுந்து கை கூப்பினார். அம்மாவின் பெருந்தன்மைக்கு நன்றி என்றும், ஆனாலும் தன் முடிவில் மாற்றமில்லை என்றும் சொன்னார்.

அலுவலக அக்கா காலிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டே கேட்டார்:

"அப்ப, தமிழம்மா தினமும் மத்தியானம் வந்து, நீங்க சரியா எழுதினதையெல்லாம் தப்பா மாத்தி வெச்சுட்டுப் போவாங்களே, இனிமே யாரு எழுதினதை மாத்துவாங்க சார்?"